மாலை 6 மணிக்குப் போட்ட கிரான் வேலை ராத்திரி 11:30க்கு ஓடுது, அதுவும் மூணு தடவை

பொகவந்தலாவ டீச்சர் | திங்கள், இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில தரம் 5க்குப் படிப்பிக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருக்கிற பிள்ளைகளோட வீடுகளுக்கு தினமும் பின்னேரம் 6 மணிக்கு ஒரு கணக்கு எஸ்எம்எஸ்ல போகணும்னு ஒரு சின்ன வெப்சைட் வச்சிருக்கேன். நிறைய வீட்டுல பட்டன் போன்தான், அதனாலதான் எஸ்எம்எஸ். மொத்தம் 64 நம்பர். அக்கா மகன் பிஎச்பியில எழுதிக் கொடுத்துட்டு கட்டாருக்கு வேலைக்குப் போயிட்டான். சேர்வர் மாச வாடகைக்கு எடுத்த ஷெயார்ட் ஹோஸ்டிங். அதை நிர்வகிக்கிற சிபேனல் பக்கத்துல கிரான் ஜொப்ஸ்னு, குறிச்ச நேரத்துக்கு ஒரு வேலைய தானா ஓடவைக்கிற ஒரு இடம் இருக்கு, அதுல நானே இப்படிப் போட்டேன்:

0 18 * * *

18ன்னா மாலை 6தானே? ஆனா மெசேஜ் போனது ராத்திரி 11:30க்கு. லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) அந்த நேரத்துல போன் அடிச்சா யாரோ தவறிட்டாங்கன்னுதான் எல்லாருக்கும் தோணும். ஒரு அம்மா பதறி எழும்பி, பக்கத்து வீட்டையும் எழுப்பி, வெளிச்சத்தப் போட்டுப் பார்த்தா "ஒரு கூடையில் 24 மாங்காய்கள்"ன்னு இருந்திருக்கு. அவங்க விடியக்காலையில பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் போடுற இடத்துக்கு) போகவேண்டியவங்க. அடுத்த நாள் என் முன்னால நின்னு இதைச் சொன்னப்போ எனக்குத் தலை நிமிரல.

போன புதன்கிழமை இன்னொன்னு. அதே கணக்கு சில வீட்டுக்கு மூணு தடவை போயிருக்கு. சில வீட்டுக்கு ஒண்ணுமே போகலையாம். ஸ்கிரிப்ட்ல நேரம் ஏசியா/கொலம்போன்னுதான் இருக்கு, நான் பார்த்துட்டேன். எங்க பிழை?

பதுளை ரோட் | திங்கள், இரவு 9:05

டீச்சர், முதல் பிரச்சினை லேசு. உங்க சேர்வரோட கடிகாரம் யூடிசியில (உலகப் பொது நேரத்துல) ஓடுது. நம்ம நாடு அதுக்கு 5 மணி 30 நிமிஷம் முன்னால. சேர்வருக்கு 18:00 ஆகிறப்போ நமக்கு 23:30. அதனால நமக்கு வேணும்கிற நேரத்துல இருந்து 5:30ஐக் கழிச்சுப் போடணும். மாலை 6ல இருந்து கழிச்சா 12:30. முதல் இடம் நிமிஷம், ரெண்டாவது இடம் மணி, பிறகு தேதி, மாசம், கிழமை (* போட்டா எல்லாம்னு அர்த்தம்):

30 12 * * *

ஸ்கிரிப்டுக்குள்ள ஏசியா/கொலம்போன்னு இருக்கிறது ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் வேலை செய்யும். எப்போ எழுப்பணும்னு முடிவு பண்றது கிரான். அது உங்க பிஎச்பி ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காது. நிறையப் பேர் இதுல மாட்டுறாங்க.

ஆனா நான் யூடிசின்னு சொல்றது உங்க 11:30 கணக்கை வச்சு. உறுதி பண்ணிக்கணும்னா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை நேரத்தைக் காட்டுற டேட் கட்டளைய ஓடவிட்டு, விடைய ஒரு ஃபைல்ல சேர்க்கிற மாதிரி ஒரு தற்காலிக வேலை போடுங்க (*/5 * * * *). பத்து நிமிஷம் கழிச்சு ஃபைலைத் திறந்தா சேர்வர் என்ன நேரத்துல வாழுதுன்னு தெரியும். பார்த்ததும் அந்த வேலைய அழிச்சிடுங்க. சேர்வர் அமெரிக்க நேரத்துல இருந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒரு மணித்தியாலம் நகரும், அங்க கோடைக்கு மணிக்கூட்டை மாத்துவாங்க. யூடிசின்னா அந்தத் தொல்லை இல்ல.

தலவாக்கலை கணக்கப்பிள்ளை | திங்கள், இரவு 9:31

நம்ம நாட்டு நேரமும் அசையாம இருந்ததில்ல. 1996 மே மாசம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால தள்ளினாங்க, 6:30 ஆச்சு. அதே வருஷம் அக்டோபர்ல அரை மணித்தியாலம் பின்னால, 6:00. 2006 ஏப்ரல்லதான் திரும்ப 5:30க்கு வந்தோம். அந்தப் பத்து வருஷமும் மேட்டு லயத்துல பழைய நேரத்தையும் புது நேரத்தையும் சேர்த்தே சொல்லுவாங்க. அதனால ஏசியா/கொலம்போன்னு ஊர் பேரைப் போடுறதுதான் நல்லது. 5:30ஐ எண்ணா ஸ்கிரிப்டுக்குள்ள எழுதி வைக்கக் கூடாது.

டீச்சர், மூணு தடவை போனது யாருக்கு, போகாதது யாருக்குன்னு பட்டியலோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?

பொகவந்தலாவ டீச்சர் | செவ்வாய், மாலை 4:15

30 12ன்னு மாத்திட்டேன். இன்னைக்கு 6 மணிக்குச் சரியா போகும்னு நினைக்கிறேன் பதுளைத் தம்பி, ரொம்ப நன்றி.

ஐயா கேட்டதால இன்னைக்கு இடைவேளையில பிள்ளைகளை ஒவ்வொருத்தரா கேட்டேன். அட்டவணையில 1ல இருந்து 41 வரைக்கும் இருக்கிறவங்களுக்கு மூணு தடவை. 42ல இருந்து 64 வரைக்கும் ஒரு தடவைகூட இல்ல. அந்தக் கடைசி 23 பேரும் மேல் டிவிஷன் பிள்ளைகள், பிந்திச் சேர்த்ததால பட்டியல்ல கடைசியில இருக்காங்க. புதன்கிழமை மட்டும் இல்ல ஐயா. மூணு கிழமையா அவங்களுக்கு ஒழுங்கா எதுவுமே போகல.

கண்டியில் இருந்து | செவ்வாய், மாலை 5:02

நான் கண்டியில வேலை செய்யிறன், ஊர் யாழ்ப்பாணம். 41இல எல்லாருக்கும் நிக்குது எண்டா ஸ்கிரிப்ட் பாதியில அறுபடுது. டீச்சர், கிரான் பெட்டியில நேரத்துக்குப் பக்கத்தில இருக்கிற கட்டளை என்ன? டபிள்யூகெட் எண்டு தொடங்கி உங்கட சைட்டின்ர முகவரி வருதோ?

பொகவந்தலாவ டீச்சர் | செவ்வாய், மாலை 5:20

ஆமா தம்பி, டபிள்யூகெட்னுதான் தொடங்குது. பிறகு சைட் முகவரி, கடைசியில அனுப்பு.பிஎச்பி.

கண்டியில் இருந்து | செவ்வாய், மாலை 6:10

அப்ப விளங்கீட்டுது. கட்டளையளைத் தமிழ் எழுத்தில எழுதுறன், நீங்கள் ஆங்கிலத்தில அடியுங்கோ.

டபிள்யூகெட் போட்டால் கிரான் உங்கட ஸ்கிரிப்டை நேரா ஓட்டுறேல்லை. ஒரு ஆள் பிரவுசரில திறக்கிற மாதிரி வெளி வாசலால வருது. வெப் சேர்வர் ஒரு பக்கத்துக்காக அளவோடதான் காத்திருக்கும். 64 பேருக்கு ஒவ்வொண்டா எஸ்எம்எஸ் கேட்வேயிட்ட (மெசேஜை வாங்கி போன்களுக்கு அனுப்புற சேவை) போய் வாறதுக்குள்ள அந்த நேரம் முடிஞ்சிடும். அண்டைக்கு கேட்வே மெதுவா இருந்தால் 41 ஆவது ஆளில அறுந்திருக்கும். அதுக்குப் பிறகுதான் இன்னும் மோசம். பதில் வராமல் இணைப்பு அறுந்தால் டபிள்யூகெட் தானாத் திரும்ப முயற்சி செய்யும், ஒண்டும் சொல்லாட்டி 20 தரம் வரைக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஸ்கிரிப்ட் முதல் ஆளில இருந்து தொடங்கும். ஊகம் எண்டு நினைச்சால் சிபேனலில அணுகல் லொக்கை (எந்தப் பக்கம் எப்ப திறபட்டது எண்ட பதிவை) எடுத்துப் பாருங்கோ, புதன்கிழமை அனுப்பு.பிஎச்பிக்கு மூண்டு வரி இருக்கும்.

செய்ய வேண்டியது, ஸ்கிரிப்டை உள் வாசலால ஓட்டுறது:

/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/பிஎச்பி /ஹோம்/உங்கட_பெயர்/வேலைகள்/அனுப்பு.பிஎச்பி

சிபேனல் சேர்வரில பிஎச்பி பெரும்பாலும் அந்த இடத்தில இருக்கும், கிரான் பக்கத்திலயே உதாரணம் காட்டுவினம். இப்பிடி ஓட்டினால் பிஎச்பிக்கு நேர வரம்பு இல்லை. முழுப் பாதையும் கட்டாயம். நீங்கள் லொகின் பண்ணி ஓட்டேக்க இருக்கிற சூழல் கிரானுக்கு இல்லை. எந்த ஃபோல்டரில எந்தக் கட்டளை இருக்கு எண்டு அதுக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான். தொடங்குறதும் உங்கட ஹோம் ஃபோல்டரில இருந்துதான். "கையால ஓட்டினால் ஓடுது, கிரானில ஓடேல்லை" எண்டு வாற முறைப்பாடு பத்தில எட்டு இதுதான். ஸ்கிரிப்டுக்குள்ள வேற ஃபைலைக் கூப்பிட்டிருந்தால் அதுக்கும் முழுப் பாதை குடுங்கோ.

இன்னொண்டு. அனுப்பு.பிஎச்பி இப்ப பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள்ள எல்லோ இருக்கு? முகவரி தெரிஞ்ச எவரும் அதைத் திறந்தால் 64 எஸ்எம்எஸ் போகும். இண்டைக்கே வெளியில எடுத்து வையுங்கோ.

ராகலை பீசி கடை | செவ்வாய், இரவு 7:44

இவ்வளவு சிக்கல் எதுக்கு? வேர்ட்பிரஸ் போட்டு ஒரு ப்ளகின் போட்டா அதுவே நேரத்துக்கு அனுப்பும். கடையில நாலு பேருக்கு அப்படித்தான் செஞ்சு குடுத்திருக்கேன்.

பதுளை ரோட் | செவ்வாய், இரவு 8:01

அண்ணா, இதுக்கு அது சரிவராது. வேர்ட்பிரஸோட டபிள்யூபி-கிரான் மணிக்கூடு பார்க்கிறதில்ல. யாராவது சைட்டைத் திறந்தாதான், அந்த நேரத்துல, "பாக்கி வேலை ஏதும் இருக்கா"ன்னு பார்க்கும். டீச்சரோட சைட்டை நாளைக்கு நாலு பேர் திறப்பாங்களா? பின்னேரம் 6க்கு யாரும் வரலைன்னா, அடுத்த நாள் காலையில யாரோ வர்றப்போதான் கணக்கு போகும். வேர்ட்பிரஸ்தான் வேணும்னா டிசேபிள்_டபிள்யூபி_கிரான் வரியை கொன்ஃபிக் ஃபைல்ல போட்டுட்டு, உண்மையான கிரானை வச்சு டபிள்யூபி-கிரானை எழுப்பணும். எப்படிப் போனாலும் கிரான்கிட்டதான் வந்து நிக்கணும்.

ராகலை பீசி கடை | செவ்வாய், இரவு 8:20

அது எனக்குத் தெரியாது தம்பி. அந்த நாலு பேருடையதையும் நாளைக்கே திறந்து பார்க்கிறேன். என்னோட சொந்த ஸ்டொக் கணக்கு கடையில இருக்கிற பழைய கம்ப்யூட்டர்லதான் ஓடுது, லினக்ஸ். ராத்திரி 2 மணிக்கு பேக்கப். 2022ல கரண்ட் 13 மணித்தியாலம் போன நாள்கள்ல பேக்கப்பே எடுபடல, ஒரு மாசம் கழிச்சுத்தான் கவனிச்சேன். இப்பவும் மழைக்கு மரம் விழுந்தா ராத்திரி பூரா இருட்டுதான். கிரான் விட்டதைப் பிடிக்காதா?

கண்டியில் இருந்து | செவ்வாய், இரவு 8:52

பிடிக்காது அண்ணை. அந்த நிமிஷம் மெஷின் நிண்டிருந்தால் அந்த வேலை போனதுதான், ஒரு அறிவிப்பும் வராது. வீட்டு மெஷினுக்கு அனாகிரான் இருக்கு. அது "இண்டைக்கு ஓடினதோ" எண்டு நாள் கணக்கில பாக்கும், மெஷின் திரும்ப எழும்பினதும் விட்டதை ஓட்டும். புது லினக்ஸ் எண்டால் சிஸ்டம்டி டைமர் இன்னும் வசதி, பெர்சிஸ்டன்ட் எண்ட வரியை ட்ரூ ஆக்கினால் அதே வேலையைச் செய்யும். டீச்சரின்ர சேர்வர் டேட்டா சென்டரில இருக்கிறபடியால் அவவுக்குக் கிரானே போதும்.

தலவாக்கலை கணக்கப்பிள்ளை | செவ்வாய், இரவு 9:40

நேரம், பாதை எல்லாம் தம்பிமார் சொல்லிட்டாங்க. எனக்கு மனசுல நிக்கிறது அந்த 23 வீடு. மூணு கிழமையா போகாததை யாரும் கண்டுபிடிக்கல. ஏன்னா யார் யாருக்குப் போச்சுன்னு எங்கேயும் எழுதப்படல.

நான் 31 வருஷம் செக்ரோல் (தோட்டத்து வேலை வருகைப் பதிவு) எழுதினவன். காலையில பெரட்டுக்களத்துல ஆள் வந்ததும் பேர் போடுவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பேர்தான். அதே ஆள் திரும்ப வந்து நின்னாலும் ரெண்டாவது பேர் விழாது, கட்டத்துல ஏற்கெனவே போட்டாச்சு. பின்னேரம் மடுவத்துல கொழுந்தை நிறுத்த (எடை போட்ட) பிறகு, அதே வரியில கிலோ எழுதுவோம். பேர் இருக்கு, கிலோ இல்லன்னா அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு தேடுவோம்.

டீச்சரோட டேட்டாபேஸ்ல இதே செக்ரோல் வேணும். ஒரு அட்டவணை: தேதி, போன் நம்பர், நிலை, கேட்வே கொடுத்த பதில். தேதியும் நம்பரும் சேர்ந்து யுனிக்னு கட்டிடணும், அப்போ ஒரே நாள்ல ஒரே நம்பருக்கு ரெண்டாவது வரி விழாது. ஸ்கிரிப்ட் முதல்ல வரியைப் போடணும், நிலை "பேர் போட்டது". வரி விழுந்தா மட்டும் எஸ்எம்எஸ். கேட்வே ஏத்துக்கிட்டதுன்னு பதில் வந்ததும் நிலை "நிறுத்தது", கிலோ எழுதின மாதிரி. ஸ்கிரிப்ட் மூணு தடவை ஓடினாலும் ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குதான் போகும். பாதியில செத்துப்போனா, திரும்ப ஓடுறப்போ 42ல இருந்து தானா தொடரும்.

பதுளை ரோட் | செவ்வாய், இரவு 10:03

ஐயா, அருமை. ஒரு சந்தேகம். வரியைப் போட்ட பிறகு, எஸ்எம்எஸ் போகிறதுக்கு முன்னால ஸ்கிரிப்ட் செத்தா? அந்த ஒரு ஆளுக்கு "பேர் போட்டது"ன்னு இருக்கும், மெசேஜ் போயிருக்காது. திரும்ப ஓடினாலும் வரி இருக்கிறதால தாண்டிடும். அனுப்பின பிறகு வரி போட்டா யாருக்கும் விடுபடாதே?

தலவாக்கலை கணக்கப்பிள்ளை | புதன், காலை 5:50

விடுபடாது, ஆனா ரெண்டு தடவை போகும். அனுப்பிட்டு எழுதப் போறதுக்குள்ள செத்தா, எழுதாததால திரும்ப அனுப்பும். ரெண்டுல ஒண்ணைத் தாங்கித்தான் ஆகணும் தம்பி. எந்தத் தப்பு குறைவா வலிக்கும்னு பார்த்து முடிவெடுக்கணும். கணக்கு ஒரு நாள் விடுபட்டா அடுத்த நாள் டீச்சர் வாயால சொல்லிடுவாங்க. எங்க மரண உதவிச் சங்கத்துல இறுதிச் சடங்கு நேரத்தை அனுப்புறோம், அதுல ரெண்டு தடவை போனாலும் பரவாயில்ல, ஒரு வீட்டுக்கும் போகாம இருக்கக் கூடாது. அங்க அனுப்பிட்டுத்தான் எழுதுறோம்.

டீச்சருக்கு 6:20க்கு ரெண்டாவது வேலை ஒண்ணு போடலாம் (50 12 * * *). "பேர் போட்டது"லயே நிக்கிற வரிகளை மட்டும் எடுத்து டீச்சரோட போனுக்கு ஒரு பட்டியலா அனுப்பட்டும். திரும்ப அனுப்புறதா வேண்டாமான்னு மனுஷர் பார்த்து முடிவெடுக்கலாம். எல்லாம் சரியா இருந்தாலும் "64ல 64"ன்னு ஒரு வரி வரணும். ஒண்ணுமே வரலைன்னா கிரானே ஓடலைன்னு அர்த்தம்.

கண்டியில் இருந்து | புதன், காலை 8:15

ஐயா சொன்னதோட ரெண்டு சின்ன விசயம். ஒரு ஓட்டம் முடியமுதல் இன்னொண்டு தொடங்காமல் இருக்க கட்டளைக்கு முன்னால எஃப்லொக் -என் எண்டு போட்டு ஒரு பூட்டு ஃபைலைக் குடுக்கலாம். முதலாவது பூட்டை வச்சிருந்தால் ரெண்டாவது பேசாமல் திரும்பிடும். மற்றது, கட்டளையின்ர முடிவில >> போட்டு ஒரு லொக் (பதிவு) ஃபைலும், அதுக்குப் பிறகு 2>&1 உம் சேருங்கோ. பிழைச் செய்தியும் அதே ஃபைலில விழும். லொக் ஃபைலின்ர பெயரில திகதி போட ஆசைப்பட்டு % குறியைக் கிரான் வரியில போடாதேங்கோ, கிரான் அதைப் புது வரி எண்டு எடுத்துக் கட்டளையை அந்த இடத்திலயே வெட்டிப்போடும். முன்னால ஒரு \ போடவேணும்.

பொகவந்தலாவ டீச்சர் | புதன், இரவு 9:10

அணுகல் லொக் எடுத்துப் பார்த்தேன். போன புதன்கிழமை மூணு வரி, கண்டித் தம்பி சொன்னபடியே. அக்கா மகனோட போன்ல பேசி செக்ரோல் அட்டவணைய போட்டாச்சு. ஸ்கிரிப்டை பப்ளிக் ஃபோல்டருக்கு வெளியில மாத்தியாச்சு.

இன்னும் ரெண்டு கேள்வி. போயா (பௌர்ணமி) நாள்ல அனுப்பக் கூடாது, அன்னைக்கு லீவு. அது கிரான்ல போட முடியுமா? அதோட மாசம் 1ம் தேதி காலை 5 மணிக்கு, போன மாசம் யார் எத்தனை விடை அனுப்பினாங்கன்னு எனக்கு ஒரு அறிக்கை வரணும்.

பதுளை ரோட் | புதன், இரவு 9:48

போயா நிலவோட போறது, கிரானுக்கு நிலவு தெரியாது. வருஷ லீவுப் பட்டியலைப் பார்த்து 12 போயாவையும் ஒரு சின்ன அட்டவணையில போடுங்க. சில வருஷம் 13 வரும். கிரான் தினமும் எழுப்பட்டும், ஸ்கிரிப்ட் எழும்பினதும் இன்னைக்கு தேதி அட்டவணையில இருந்தா பேசாம படுத்துக்கட்டும்.

மாச அறிக்கையில ஒரு பள்ளம் இருக்கு, கவனம். நமக்கு 1ம் தேதி காலை 5 மணின்னா யூடிசியில அது முந்தின மாசக் கடைசி நாள் 23:30. 30 23 1 * *ன்னு போட்டா உங்களுக்கு 2ம் தேதி காலையிலதான் வரும். "மாசக் கடைசி நாள்"னு சொல்ல கிரான்ல சாதாரணமா வழி இல்ல, அது 28, 29, 30, 31ன்னு மாறும். நம்ம விடியற்காலை 5:30தான் யூடிசிக்கு நடுச்சாமம். அதனால அறிக்கைய 5:45க்குத் தள்ளுங்க, அப்போ ரெண்டு பக்கமும் 1ம் தேதி:

15 0 1 * *

இன்னொண்ணு, பிறகு எப்பவாவது "மாசத்துல முதல் வெள்ளி"ன்னு தேவைப்பட்டா தேதிக்கு 1-7ம் கிழமைக்கு 5ம் (வெள்ளி) சேர்த்துப் போட்டுடாதீங்க. தேதியும் கிழமையும் ரெண்டும் கொடுத்தா கிரான் ரெண்டுல எது பொருந்தினாலும் ஓடும். 1ல இருந்து 7 வரைக்கும் தினமும், அதுக்கு மேல எல்லா வெள்ளியும். தேதியை மட்டும் கொடுத்துட்டு வெள்ளியான்னு ஸ்கிரிப்ட்ல பாருங்க.

ராகலை பீசி கடை | வியாழன், காலை 10:30

நாலு சைட்டையும் பார்த்தேன். ரெண்டுல பதுளைத் தம்பி சொன்ன மாதிரியே, ஞாயிற்றுக்கிழமை வேலைகள் திங்கள் 9 மணிக்குத்தான் ஓடியிருக்கு. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன், மாத்திக் கொடுக்கிறேன். கிரான் பட்டியலைக் கட்டளை அடிச்சுத் திறக்கிறவங்களுக்கு ஒண்ணு: கிரான்டாப் -ஈ திருத்துறது, கிரான்டாப் -ஆர் கேட்காமலே எல்லாத்தையும் அழிக்கிறது. கீபோர்ட்ல ஈயும் ஆரும் பக்கத்துப் பக்கத்துல. முதல்ல கிரான்டாப் -எல் போட்டு இருக்கிறதை ஒரு ஃபைல்ல சேமிச்சிட்டுத் தொடுங்க.

பொகவந்தலாவ டீச்சர் | வெள்ளி, இரவு 7:25

நேத்து 6:20க்கு வந்தது: "64ல 63. பேர் போட்டது: 1." அந்த ஒண்ணு நம்பரை மாத்தின ஒரு வீடு. இன்னைக்கு காலையில பிள்ளைகிட்ட புது நம்பர் வாங்கிப் போட்டேன். இன்னைக்கு 64ல 64.

கணக்கப்பிள்ளை ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன கிழமை பெற்றோர் கூட்டத்துல மேல் டிவிஷன் அம்மா ஒருத்தர்கிட்ட, "தினமும் கணக்கு அனுப்புறேன், ஒரு நாளாவது பிள்ளைய உட்கார வச்சீங்களா?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். அவங்க ஒண்ணும் பேசல. அவங்க 57ஆவது. இன்னைக்கு ஸ்கூல் விட்டதும் மேல் டிவிஷனுக்கு ஏறிப்போனேன். அவங்க கொழுந்து நிறுத்துட்டு வர்ற வழியில பார்த்தேன், நான்தான் பிழைன்னு சொன்னேன். "எங்களுக்கு அனுப்பலையாக்கும்னு நினைச்சோம் டீச்சர்"னு சொன்னாங்க. பேசிக்கிட்டு நிக்கிறப்போவே 6 மணி ஆச்சு. சேலை முடிச்சுல இருந்த போன் அடிச்சுச்சு. அவங்க எடுத்து, வாசிக்கத் தெரியாததால மகள்கிட்ட நீட்டினாங்க. பிள்ளை ரோட்டுல நின்னே சத்தமா வாசிச்சா.

கண்டித் தம்பி, அந்த 42ல இருந்து 64 வரைக்கும் விடுபட்ட மூணு கிழமைக் கணக்கையும் நாளைக்கு ஒண்ணு வீதம் சேர்த்து அனுப்பணும். அதே செக்ரோல்ல ஒரு நாளைக்கு ஒரு பேர்தானே விழும்? கேள்வி எண்ணையும் யுனிக்ல சேர்க்கவா?

கண்டியில் இருந்து | வெள்ளி, இரவு 7:58

ஓம் டீச்சர், திகதிக்குப் பதிலாக் கேள்வி எண்ணைப் போடுங்கோ. நம்பரும் கேள்வி எண்ணும் சேர்ந்து யுனிக். ஒரு கேள்வி ஒரு வீட்டுக்கு ஒரு தரம்தான், எந்த நாள் எண்டாலும். திகதி சும்மா ஒரு நிரலா இருக்கட்டும். மாத்த முதல் அட்டவணையை ஒரு பேக்கப் எடுங்கோ. விடுபட்டதை 6 மணிக்கு அனுப்பாமல் 6:30க்கு வேற வரியில போடுங்கோ (0 13 * * *), முதல் கணக்கைச் செய்து முடிக்கப் பிள்ளையளுக்கு நேரம் கிடைக்கும்.